தீய்ந்த வாடை

ஆம்பூரில் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் அப்பர் தைக்கிறோம். ஷூவின் மேல்பாகத்துக்குத்தான் அந்தப் பேர். கம்பெனியிலிருந்து மூட்டையாக வரும், ரெண்டு ஊசி போட்டு கையால் தைத்து அனுப்ப வேண்டும். வெளிநாட்டுக்குக் காட்டுகிற சாம்பிள் ஜோடி வந்தால் ஏஜென்ட் நேராக என் வீட்டுக்குத்தான் வருவான். வேற யாரையும் நம்ப மாட்டான். பெருமைக்குச் சொல்கிறேனா என்றால், ஆமாம், பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

அந்த வலது கைதான் மரத்துப்போக ஆரம்பித்தது. முதலில் கட்டைவிரலும் பக்கத்து ரெண்டு விரலும். காலையில் எழுந்து உதறினால் சரியாகிவிடும். அப்புறம் உதறினாலும் சரியாகவில்லை. ஊசி விரலிலிருந்து நழுவி விழும், விழுந்ததே எனக்குத் தெரியாது. கழுத்து வலி வேறு. கை போனால் சாம்பிள் போகும். சாம்பிள் போனால் இந்தத் தெருவில் நான் இன்னொரு கிழவி, அவ்வளவுதான்.

பக்கத்து பாய் வீட்டம்மா என்னோடு உட்கார்ந்து தைக்கிறவள். அக்குபங்சரில் முட்டிவலி கம்மியாச்சு, நீயும் வா என்றாள். ஊசி குத்துவாங்களாமே என்று இழுத்தேன்.

"முப்பது வருஷமா நீ தோலைக் குத்தின. இப்ப உன் தோலைக் குத்தினா இன்னா?" என்றாள்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் மாடியில் சின்ன அறை. ஊசி போடுகிற அம்மாவுக்கு என் மகள் வயசுதான் இருக்கும். நாக்கை நீட்டச் சொன்னாள். மணிக்கட்டில் மூணு விரல் வைத்து ரொம்ப நேரம் நாடி பார்த்தாள். தூக்கம் எப்படி, பசி எப்படி என்று கேட்டாள். அவ்வளவு கேள்வி என்னிடம் அதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை. கையை ஆஸ்பத்திரியிலும் ஒரு தடவை காட்டிடுங்க என்றாள். போகலாம் போகலாம் என்று விட்டுவிட்டேன்.

முடி மாதிரி ஊசி. குத்திவிட்டு, கனமா இழுக்கிற மாதிரி தெரியுதா என்று கேட்பாள். கழுத்தில் நன்றாகத் தெரிந்தது. நாலு வாரத்தில் கழுத்து வலி பாதி போய்விட்டது. பல வருஷம் கழித்து நடுவில் விழிக்காமல் தூங்கினேன். நடந்ததை மறைக்க மாட்டேன்.

கையில் குத்தினபோது ஒன்றும் தெரியவில்லை. தெரியுது என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? வீட்டில் தைப்பதற்கு முன்னால் கம்பெனியில் இருந்தேன். வெளிநாட்டிலிருந்து ஆடிட்டுக்கு, கம்பெனியைச் சோதிக்க, ஆள் வருகிற அன்றைக்கு சூப்பர்வைசர் எங்களை வரிசையாக நிறுத்திச் சொல்லித் தருவார். கை வலிக்குதா? இல்லை. கண் எரியுதா? இல்லை. வலிக்குது என்று சொன்னவளை மறுவாரம் அங்கே பார்க்க முடியாது. அதற்கப்புறம் பெரிய மனுஷர் யார் கேட்டாலும் என் வாயில் அந்தப் பதில்தான் வரும். அதோடு, நான் தெரியுது என்றதும் அந்த அம்மா முகம் மலர்ந்துபோச்சு. அடுத்த வாரம் இன்னும் நல்லா தெரியுது என்றேன். ஏஜென்டிடமும் கை சரியாயிடுச்சு என்றேன். சாம்பிளை பாய் வீட்டம்மா கதவைச் சாத்திக்கொண்டு எனக்காகத் தைத்துக் கொடுத்தாள்.

விரலில் உணர்ச்சி வந்துவிட்டது என்று நம்பித்தான் அந்த அம்மா மோக்ஸா வைத்தாள். காய்ந்த இலையைச் சுருட்டு மாதிரி உருட்டிப் பற்றவைத்து, தோலுக்குக் கிட்டத்தில் காட்டுகிற வைத்தியம். அதை என் வலது கைக்கு மேலே ஒரு ஸ்டாண்டில் மாட்டினாள். சூடு ஜாஸ்தியானா உடனே சொல்லணும் என்றாள். இதமா இருக்கு என்றேன். பக்கத்துக் கட்டிலில் இருந்தவருக்கு ஊசி எடுக்கத் திரும்பினாள்.

கண்ணை மூடிப் படுத்திருந்தேன். ஒரு வாடை வந்தது. எங்களுக்குப் பழகின வாடைதான். தைத்து முடித்ததும் நூல் முனையை லைட்டரால் பொசுக்குவோம். கை தவறி நெருப்பு தோலில் பட்டால் முடி கருகுகிற மாதிரி நாறும். அந்த ஜோடி ரிஜெக்ட். எவளோ தோலைத் தீய்ச்சிட்டா என்று நினைத்தேன். ரெக்சின் இல்லை, நல்ல தோல் என்றுகூட நினைத்தேன். கண்ணைத் திறந்தால், கங்கு உதிர்ந்து என் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவில் கிடந்தது.

அவள் ஓடிவந்து தட்டிவிட்டாள். "ஏம்மா சொல்லல?"

"தெரியல," என்றேன். "முதல் நாள்லேர்ந்தே தெரியல."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் திரும்பியிருக்கக் கூடாது என்று தன்னைத்தான் சொல்லிக்கொண்டாள். தண்ணீரில் என் கையைப் பிடித்துக்கொண்டே நின்றாள். மறுநாள் அவளே என்னை வேலூருக்குக் கூட்டிப்போனாள்.

மணிக்கட்டில் நரம்பு நெருக்குப்பட்டிருக்கு, முன்னாடியே வந்திருக்கணும் என்றார் டாக்டர். கட்டைவிரல் அடியில் சதை கரைந்து பள்ளமாகியிருந்ததைக் காட்டினார். ஆபரேஷன் செய்தால் மேற்கொண்டு கெடாது, போன உணர்ச்சி வருமா என்று சொல்ல முடியாது என்றார். சம்மதக் காகிதத்தை நீட்டினார்கள். நாலாவது வகுப்போடு நின்றவள் நான். ஆனாலும் எங்கேயும் கைநாட்டு வைத்ததில்லை, கையெழுத்துதான். அன்றைக்குப் பேனா விரலில் நிற்கவில்லை. நர்ஸ் மைப்பெட்டியை நீட்டினாள். மையின் ஈரம்கூட எனக்குத் தெரியவில்லை.

ஆபரேஷனுக்கு அப்புறமும் உணர்ச்சி வரவில்லை. சாம்பிள் இப்போது பாய் வீட்டம்மாவுக்கு வாசல் வழியாகவே வருகிறது. இடது கையால் நூலுக்கு மெழுகு தேய்த்துக் கொடுக்கிறேன்.

கழுத்துக்கு இன்னும் அந்த மாடிக்குப் போகிறேன். ஊசி குத்துவதற்கு முன்னால் அவள் ஒவ்வொரு தடவையும் என் வலது கையை எடுத்து, விரல் நுனியை நகத்தால் அழுத்தி, தெரியுதா என்று கேட்கிறாள். கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"தெரியல," என்கிறேன்.