ஓரகத்தி வீட்டு ஆர்க்கிட்

எழுபதுகளின் தொடக்கத்தில் என் மூத்த ஓரகத்தியும் நானும் ஏற்காட்டிலிருந்து ஆளுக்கொரு டென்ட்ரோபியம் ஆர்க்கிட் வாங்கி வந்தோம். திருவள்ளூரில் அடுத்தடுத்த எங்கள் வீட்டு வாசல்களில் தொங்கவிட்டோம். மாசியில் அவள் செடி கொத்துக் கொத்தாக ஊதா நிறத்தில் பூத்தது. என்னுடையதில் இலை மட்டும்தான். என் கணவரே அங்கே போய் நின்று ரசித்தார். எனக்கு வயிறு எரிந்தது.

பொறுக்க மாட்டாமல் கேட்டேன். "இன்னா ஒரம் போட்டக்கா?"

"ஒண்ணும் போடல. பனிக்காலத்துல தண்ணி ஊத்தாம உட்டுட்டேன். நீதான் தெனம் ஊத்திக்கினே இருந்த."

அடுத்த மார்கழியில் நானும் தண்ணீரை நிறுத்தினேன். இலை உதிர்ந்து செடி வெறும் குச்சியானபோது, பொய் சொல்லி என்னை ஏமாற்றிவிட்டாள் என்றே நினைத்தேன். ஆனால் மாசியில் அந்தக் குச்சிகளின் கணுக்களில் மொட்டு விட்டுப் பூத்தது.

அவள் வந்து பார்த்தாள். "உன்னுது கொஞ்சம் வெளுப்புதான்" என்றாள்.

அன்று முழுக்க எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.