டெக் வைத்து நடந்த ஊர்க்கூட்டம்

பம்பாய் மின்சார ரயிலில், கூரைமேல் ஏறுகிறவனின் செருப்பு வாசலில் தொங்குகிறவனின் தோளில் படும். மேலே போகிறவன் ‘சாரி பாய்’ என்பான். கீழே தொங்குகிறவன் ‘சலோ, சலோ’ என்பான். அதோடு சரி. வந்த புதிதில் இது எனக்கு விளங்கவே இல்லை. எங்கள் கரிசல் காட்டில் ஒருவன்மேல் செருப்படி விழுந்துவிட்டால், அவன் கோயில் முன்னால் தலையில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஊரார் காலில் விழுந்து எழ வேண்டும். அதுவரை அவனோடு யாரும் கொள்வினை கொடுப்பினை வைத்துக்கொள்ள மாட்டார்கள். அடித்தவனுக்கு ஒரு முறையும் கிடையாது. அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு திரிவான்.

நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ், தூத்துக்குடியில் உப்பளம், அப்புறம் லாரியில் கிளீனர் என்று சுற்றி, கடைசியில் தாராவியில் வந்து விழுந்தேன். ஒருநாள் எங்கள் சந்துக்குள் சினிமா கம்பெனி வந்தது. நகரத்தைத் தனி ஆளாகச் சுத்தம் செய்கிற போலீஸ் அதிகாரியின் கதை. அழுக்குக்கு ஆள் வேண்டுமல்லவா, எங்களைக் கூப்பிட்டார்கள். எனக்குச் சாராயம் விற்கிறவன் வேஷம். அதிகாரி தன் பூட்ஸைக் கழற்றி என் கன்னத்தில் அறைய வேண்டும். உதவி டைரக்டரிடம் போய், ‘லாட்டி மாரோ, ஜூத்தா நஹி’, லத்தியால் அடியுங்கள், செருப்பு வேண்டாம் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். வலிக்குப் பயப்படுகிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார். ‘டரோ மத்’ என்று முதுகில் தட்டி, பூட்ஸுக்குப் பதிலாக மெல்லிய ரப்பர் செருப்பை வரவழைத்தார். லத்தி அடி எனக்குப் பெரிதில்லை என்பதை எந்தப் பாஷையில் அவருக்குச் சொல்வது? இரண்டு வாரமாக வேலை இல்லை. கன்னத்தைக் காட்டினேன். கூலி கொடுத்தார்கள், வடாபாவ் கொடுத்தார்கள். மறுநாள் முகம் முகமாகத்தான் இருந்தது.

மறு வருஷம், மாமா மகள் சுப்புத்தாயை நிச்சயம் செய்ய ஊருக்குப் போனேன். அவளும் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறவள்தான். விசேஷ வீடுகளில் டிவியும் கேசட் போடுகிற டெக்கும் வாடகைக்கு எடுத்துப் படம் போடுவது அப்போது புதுப் பழக்கம். மாமாவும் கோவில்பட்டியிலிருந்து வரவழைத்திருந்தார். பட்டப்பகலில் ஜன்னலுக்குச் சாக்கு கட்டி, சொந்தபந்தம் எல்லாம் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது. டெக்காரர் புதிதாக வந்த இந்திப் போலீஸ் படம் ஒன்றைப் போட்டார். அதை நான் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் முன்னாலேயே கேசட்டை மாற்றச் சொல்லியிருப்பேனோ என்னவோ. பாதிப் படத்தில் என் முகம் வந்தது. அதன்மேல் செருப்பு விழுந்தது.

மாமா என் காதோடு சொன்னார்: “ஏ மாப்ள, அது ஒன்னயப் போல ஒருத்தன்னு சொல்லிருலே. காரியம் முடியட்டும்.”

அதற்குள் ஊர்ப் பெரியவர் எழுந்து டெக்காரரிடம் போய்விட்டார். “தம்பி, கொஞ்சம் பின்னால ஓட்டுங்க. பட்டுச்சா படலையான்னு தெரியணும்லா.”

கொட்டகையில் பார்த்திருந்தால் ஒரு தடவையோடு போயிருக்கும். இது டெக். பின்னால் ஓட்டினார்கள், பார்த்தார்கள். திரும்பவும் ஓட்டினார்கள். படத்தை அப்படியே நிறுத்தி, கன்னத்துக்கும் செருப்புக்கும் இடைவெளி இருக்கிறதா என்று ஒருவர் விரலை வைத்து அளந்தார். “ரப்பரு செருப்புல்லா. தோலு இல்லையே, அதுக்குத் தீட்டு உண்டா?” என்று இன்னொருவர் கேட்க, அது தனி வழக்காக ஓடியது.

பெண்கள் பக்கத்திலிருந்து சுப்புத்தாய் எழுந்தாள். “அந்த ஊர்ல ஒருத்தரு ஒரு தடவதான் அடிச்சாரு. நீங்க உக்காந்த எடத்துல இருந்தே ஏழு தடவ அடிச்சிட்டீங்க. இன்னும் எத்தன தடவைக்கு இவிய கன்னத்தக் காட்டணும்?”

டெக்காரர் தானாகவே பெட்டியை அணைத்தார். அப்புறம் நான் பேசாமல் இருந்தால் மனுஷனே இல்லை. “அது நாந்தான். செருப்பு பட்டுச்சு. வேல செஞ்சேன், சாப்பிட்டேன். மூணு வருசம் மழ இல்லாம எங்க வீட்ல அடுப்பு எரியாமக் கெடந்துச்சே, அப்போ யாரும் கூட்டம் போடலையே. தண்ணி ஊத்த மாட்டேன்” என்றேன்.

நிச்சயம் நின்றது. தண்ணீர் ஊற்றாமல் நான் ஊருக்குள் கால் வைக்கக் கூடாது என்றார்கள். பத்து நாள் கழித்து, ஒரு மஞ்சள் பையோடு சுப்புத்தாய் கோவில்பட்டி பஸ் நிலையத்துக்கு வந்துவிட்டாள். கழுகுமலையில் தாலி கட்டினேன். மாமா வரவில்லை.

ஒரு செம்புதானே என்று இன்றைக்கும் சொல்லிவிடுகிறார்கள். ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்கள் அவர்களிடம் சொல்லுங்கள்: ஒரு சொட்டும் கிடையாது.

வருஷம் ஒருமுறை நாங்கள் போகாமலும் இல்லை. மெயின் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கிப் பாலத்துச் சுவரில் உட்காருவோம். மாமா ஊர் எல்லைக் கல் வரைக்கும் வந்து துண்டை விரித்து உட்காருவார். அவர் கல்லைத் தாண்டுவதில்லை, நானும் தாண்டுவதில்லை, என்னை விட்டு சுப்புத்தாயும் போவதில்லை. இடையில் பருத்தி வெடித்த காடு. எங்கள் நாலு வயது மகள் மட்டும், பாதி இந்தியும் பாதித் தமிழுமாகக் கத்திக்கொண்டு, தாத்தா பொட்டலத்திலிருந்து ஒரு கை காராச்சேவு அள்ளி எனக்குக் கொண்டுவருவாள். கொடுத்துவிட்டு, கரிசல் ஒட்டிய காலோடு மறுபடி அந்தப் பக்கம் ஓடுவாள்.