திருவட்டாறு முதல் அஞ்சுகிராமம் வரை: கசியும் டர்போவோடு ஒரு பயணம்

தக்கலை தாண்டியதும் பைக்கில் வந்த ஒருவர் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். இந்தப் பக்கத்தை வாசிக்கிற யாரோ அடையாளம் கண்டுகொண்டார் என்று நினைத்து, கண்ணாடியை இறக்கி நானும் ஆட்டினேன். சிரித்தும் தொலைத்தேன். அவர் பக்கத்தில் வந்து, "ஓய், கொசு மருந்தா அடிச்சிட்டுப் போறீரு? பின்னால பாரும்!" என்றார். பார்த்தேன். பின்னால் ரோடே தெரியவில்லை. எல்லாம் நீலப் புகை.

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் கிளம்பிய பயணம் இது. ஊர் சுற்ற அல்ல. அஞ்சுகிராமத்தில் கட்டிக்கொடுத்த என் மகள் இரண்டு மாதமாக எங்கள் வீட்டில் இருந்தாள். அவளைத் திரும்பக் கொண்டுவிடப் போனோம். அங்கே அடி இல்லை, குடி இல்லை. மருமகனும் அவர் அப்பா அம்மாவுமாக மூன்று பேர் சேர்ந்து ஒருத்தியோடு பேசாமல் இருப்பார்கள், அவ்வளவுதான். வாரக்கணக்கில் பேசமாட்டார்கள். "இதெல்லாம் ஒரு குறையா?" என்று பெரியவர்கள் கேட்டார்கள்.

கார் கல்யாணத்துக்கு நான் கொடுத்தது. டர்போ டீசல். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு: பெண் வீட்டார் கொடுத்த பொருள் பழுதானால் அதுவும் பெண் வீட்டார் பொறுப்பு. மிக்சி முதல் கார் வரை. மகள் வந்ததும் அந்தக் காரில்தான். ஆயில் சொட்டுகிறது என்றாள். "காரைச் சரியாக்குங்க, பிள்ளைக்கும் நாலு புத்தி சொல்லி அனுப்புங்க" என்று அந்த வீட்டிலிருந்து சொல்லிவிட்டார்கள். அவள் பெட்டியைக் கட்டினாள்.

காரை நானே சரிபார்த்தேன். பத்தாம் வகுப்பும் நாலு வீடியோவும்தான் என் படிப்பு. இன்ஜினுக்குக் காற்றை அழுத்தித் தள்ளுகிற டர்போவுக்கு அடியில் ஒரு குழாய் இணைப்பு ஈரமாக இருந்தது. கழற்றி, ஒரு டியூப் சிலிக்கான் பசையை முழுதும் பிதுக்கிப் பூசி முறுக்கினேன். சொட்டு நின்றது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். பெருமை நாலு நாள் இருந்தது.

புகையோடு மெல்ல உருட்டி, வில்லுக்குறி பக்கம் ரோட்டோரமாக இருந்த ஒரு வொர்க்‌ஷாப்பில் ஏற்றினேன். சேவியர் என்று ஒருவர், துபாயில் பதினெட்டு வருடம் வண்டி பார்த்தவர். அதை முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுவார். பானெட்டைத் திறந்தவர், "அண்ணாச்சி, தீபாவளிக்கு எண்ண தேச்சுக் குளிப்பாட்டினீரா இத?" என்றார். இன்ஜின் முழுக்க எண்ணெய்.

"அடியில எங்க சொட்டுதோ அங்கயாக்கும் ஓட்டை, இல்லியா?" என்று என் அறிவைக் காட்டினேன்.

"கூரை ஒழுகுனா தரையையா பூசுவீரு? மேல பாக்கணும்வே."

முதலில் எல்லாவற்றையும் துடைத்தார். பிறகு முகத்துக்குப் போடுகிற பவுடர் கேட்டார். மகள் தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். டர்போவைச் சுற்றித் தூவிவிட்டு, இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு டார்ச் அடித்தார். வெள்ளைப் பவுடரில் ஈரம் முதலில் தெரிந்தது டர்போவின் உடம்பிலேயே. கீழே போகிற குழாய் காய்ந்து கிடந்தது.

"இதுதான் கேஸு. டர்போக்கு எண்ண மேல மெல்லிசுக் குழாய் வழியா பிரஷர்ல வரும். கீழ தடிச்ச குழாய் வழியா தானா வடிஞ்சு இறங்கும். அந்த வழிய யாரோ அடச்சு வச்சிருக்கான். போக வழியில்லாட்டி எண்ண என்ன செய்யும்? ஆயில் சீலத் தாண்டி வெளிய வரும், சைலன்சர்ல போயிப் புகையும். எந்தக் கோட்டிக்காரன் செய்தது இது?"

மகள் என்னைப் பார்த்தாள். "ஒரு மெக்கானிக்" என்றேன். அவள் சிரித்தாள். இரண்டு மாதத்தில் முதல் முறை சத்தமாகச் சிரித்தாள்.

சூடு ஆறும்வரை தொட முடியாது. ஆறியதும் குழாயைக் கழற்றினார். உள்ளே என் சிலிக்கான், நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டு வழியை மூடியிருந்தது. டர்போவுக்குள் சுழலும் தண்டை விரலால் ஆட்டிப் பார்த்தார். ஆட்டம் இல்லை, தப்பித்தது. இணைப்புக்கு நடுவில் வைக்கிற கேஸ்கட் தகட்டை நாகர்கோவில் வடசேரிக் கடையில் சொல்லி, பஸ் கண்டக்டர் கையில் கொடுத்துவிடச் சொன்னார். இங்கே பாதி ஸ்பேர் அப்படித்தான் பயணம் செய்கிறது.

மகளின் போன் அடித்தது. பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தாள். சேவியரிடம் போய், "சீக்கிரம் முடியுமா?" என்று கேட்டேன்.

"அவசரப்படுத்தாதீங்கப்பா" என்றாள். "நல்லா நேரம் எடுத்துப் பாக்கட்டும்."

அன்று அவள் நிறையப் பேசினாள். துபாய்ச் சூடு எப்படி, ஒட்டகம் கடிக்குமா என்று சேவியரைக் குடைந்தாள். மூன்று டீ குடித்தாள். அங்கே அவள் பேச ஆள் இல்லாத குறை என்ன குறை என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

பஸ் வந்தது, கேஸ்கட்டும் வந்தது. சிலிக்கானைச் சுரண்டி, கழுவி, புதுக் கேஸ்கட் போட்டு, எண்ணெய் அளவு சரிபார்த்துக் கொடுத்தார். மொத்தம் ஆயிரத்து எண்ணூறு ரூபாய். "சைலன்சர்ல கெடக்க எண்ண எரியறவரைக்கும் கொஞ்ச தூரம் புகையும். பயப்படாதியும்" என்றார். புகைந்தது. பார்வதிபுரம் தாண்டும்போது நின்றுவிட்டது.

மயிலாடி தாண்டியதும் அவள் பேச்சை நிறுத்தினாள். முன்கூட்டியே பழகிக்கொள்கிறாள் போல.

வாசலுக்கு வந்த மருமகன், "ரெடியாயிட்டா மாமா?" என்று கேட்டு நேராகப் பானெட்டைத் திறந்தார். மகள் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். யாரும் அவளை வா என்று சொன்னதாக என் காதில் விழவில்லை. கார் அந்த வீட்டினுடையது. அதனால் நான் பஸ்ஸில் திரும்பினேன்.

போகிறவர்களுக்கு: தூரம் ஏறக்குறைய நாற்பத்தைந்து கிலோமீட்டர். சுசீந்திரம், வழுக்கம்பாறை, மயிலாடி வழி ரோடு நன்றாக இருக்கிறது. நீலப் புகை வந்தால் ஓட்டாதீர்கள், நிறுத்துங்கள். கசிவைச் சொட்டுகிற இடத்தில் தேடாதீர்கள். துடைத்து, பவுடர் தூவி, மேலே எங்கே முதலில் நனைகிறது என்று பாருங்கள். டர்போ எண்ணெய் இணைப்பில் கேஸ்கட் மட்டும்தான், பசை கூடாது. இதை என்னைவிடச் செலவு செய்து படித்தவர் இல்லை.

இன்னொன்று. சேவியர் வொர்க்‌ஷாப்பிலிருந்து ரோட்டில் ஏறும் இடத்தில் இடது பக்கம் நாகர்கோவில், வலது பக்கம் எங்கள் வீடு. அன்று கிளம்பும்போது அங்கே நின்றேன். பின்னால் ஒரு லாரிக்காரன் ஹாரன் அடித்தான். மகள் முன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இடது இண்டிகேட்டரைப் போட்டேன். அவளிடம் கேட்க ஒரே ஒரு கேள்வி வாய்வரை வந்தது, கேட்கவில்லை.

"எந்தப் பக்கம் திருப்பட்டும், மக்களே?"