கேதம் சொல்ல வந்தவன்

என் தாலிச் செயினை அறுத்தவர்கள் இரண்டு பேர். கறுப்பு பைக், பட்டப்பகல். மருத்துவமனை வேலை முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கி, காய்கறிப் பையோடு எங்கள் தெருவுக்குள் திரும்பியிருந்தேன். பின்னால் வண்டிச் சத்தம் கேட்டதும், அவசரமாகப் போகிறார்கள் போல என்று ஓரமாக ஒதுங்கி வழிவிட்டேன். அந்தப் புண்ணியவான்களுக்கு அதுவே வசதியாகப் போய்விட்டது. ஒரே இழுப்பில் நான் தரையில் கிடந்தேன். கழுத்தில் கை வைத்துப் பார்த்தால் ரத்தம். பையிலிருந்த தக்காளி தெருவெல்லாம் உருண்டு ஓடியது மட்டும் இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. திண்டுக்கல்லைச் சுற்றியிருந்த மானாவாரிக் காடெல்லாம் பிளாட்டாகி, கல் நட்ட இடமெல்லாம் ‘நகர்’ ஆகிக்கொண்டிருந்தது. எங்கள் நகரிலும் பாதி மனையில் வீடு, பாதி மனையில் கருவேல முள். அன்று என்னைத் தூக்கி உட்கார வைத்தவர் எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளை வேட்டி ரத்தமாவதைப் பார்க்காமல் என்னைத் தாங்கி ஆட்டோவில் ஏற்றினார். தையல் போட்டு முடிகிற வரை ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு, போலீஸ் ஸ்டேஷனுக்கும் அவரே கூட வந்தார். அவர் கெட்டவர் இல்லை என்பதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

ஸ்டேஷனில் ஏட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். “ஏம்மா, அம்புட்டுப் பவுனையும் கழுத்துல போட்டுக்கிட்டா தெருவுல நடப்பீங்க?”

“பின்ன, தாலிய பீரோவுக்கா சார் கட்டச் சொல்றீங்க?” என்றேன். செயலாளர் என் கையைப் பிடித்து அமுக்கினார். ஏட்டுக்கு முகம் சுருங்கிவிட்டது. புகார் வாங்கிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு தகவலும் வரவில்லை. நான் மஞ்சள் கயிற்றோடு வேலைக்குப் போனேன். கறுப்பு பைக் எது வந்தாலும் அது தாண்டிப் போகிற வரை கழுத்தைப் பொத்திக்கொண்டு சுவரோரம் நின்றேன்.

எனக்குப் பிறகும் இரண்டு வீட்டுப் பெண்களிடம் செயின் பறிபோயிற்று. பாதி கட்டியிருந்த பிள்ளையார் கோவில் முன்னால் சங்கம் கூடியது. மில் வேலைக்காரர்கள், வாத்தியார்கள், பஜாரில் கடை வைத்திருப்பவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். வடமதுரை, வத்தலக்குண்டு என்று ஏதாவது ஒரு பக்கத்து ஊரிலிருந்து வந்து வீடு கட்டியவர்கள்தான் அத்தனை பேரும். போலீஸ் ரோந்து வர வேண்டும் என்று சிலர் சொன்னார்கள். போலீஸை நம்பினால் வீட்டு நிலைக்கதவுகூட மிஞ்சாது, நாமே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சிலர் கத்தினார்கள். கடைசியில் செயலாளர் எழுந்து நின்றார்.

“தெரியாத ஆளு தெருவுக்குள்ள வந்தா ரெண்டே கேள்வி. எந்த வீடு, என்ன விஷயம். ஒழுங்கா பதில் வரலையா, புடிச்சு வச்சுக்கிட்டு ஸ்டேஷனுக்குப் போன் போடுங்க.”

தொப்பம்பட்டியிலிருந்து வந்து தீவனக்கடை வைத்திருந்த ஒருவர் மட்டும் தயங்கினார். “ஏனுங்க, வர்றவங்களையெல்லாம் நிறுத்திக் கேள்வி கேட்டா, நம்ம வீட்டுக்கு அப்புறம் யாருங்க வருவாங்க?”

உட்காருங்க என்று நாலு பேர் அவரை அதட்டினார்கள். எனக்கும் அவர் மேல் எரிச்சல்தான் வந்தது. மறுநாளே ஆளுக்கொரு விசில் வாங்கிக் கொடுத்தார்கள். பிள்ளைகள் அதை ஊதி ஊதி எங்கள் உயிரை வாங்கின.

சித்திரை மாத வெயில் கொளுத்திக்கொண்டிருந்த ஒரு காலையில், வடமதுரைப் பக்கம் எங்கள் ஊரில், தண்ணீர் பாய்ச்சப் போன என் அப்பா மோட்டார் ரூம் வாசலிலேயே சாய்ந்துவிட்டார். ஆள் ஓடிப் பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ஊரில் அன்றைக்குப் போன் கிடையாது. எனக்குச் சொல்லி அழைத்து வர என் சித்தப்பா மகனை அனுப்பினார்கள். தம்பி தன் சிநேகிதனின் வண்டியை வாங்கிக்கொண்டு கிளம்பினான். புது வண்டி, இன்னும் நம்பர் எழுதவில்லை. நிறமும் கறுப்பு.

ஐஸ் பெட்டியெல்லாம் எங்கள் பக்கத்துக்கு வராத காலம். அந்த வெயிலில் பொழுது சாய்வதற்குள் எடுத்தாக வேண்டும். நான் ஒரே மகள். நான் போய் முகம் பார்த்த பிறகு எடுப்பது என்று பேசி வைத்திருந்தார்கள். காலையிலேயே ஆள் போயிருக்கிறது, மத்தியானத்துக்குள் வந்துவிடுவாள் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாளாம்.

கேதம் சொல்லப் போகிறவனுக்கு எங்கள் பக்கம் ஒரு முறை உண்டு. சாவுச் சேதியைச் சேர வேண்டிய வீட்டில்தான் சொல்ல வேண்டும். வழியில் யார் கேட்டாலும் தான் இன்னார் என்றோ, வந்த விஷயம் இன்னது என்றோ வாய் திறக்கக் கூடாது. அடுத்தவர் வீட்டு வாசலில் நின்று சொன்னால் அந்த வீட்டுக்கு ஆகாது. சேதியைச் சொல்லி முடிக்கிற வரை எந்த வீட்டுப் படியும் ஏறக் கூடாது, பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கக் கூடாது. எங்கள் தெருவில் இது தெரியாத ஆள் கிடையாது. அவரவர் ஊரிலிருந்து அவரவர் வீட்டுக்கும் அப்படி ஒருவன் என்றைக்காவது வந்து நின்றிருப்பான்.

அந்த நேரம் நான் மருத்துவமனை லேபில் நோயாளிகளுக்கு ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தேன். கணவர் மில்லில் பகல் ஷிப்ட். பூட்டிய வீட்டைப் பார்த்த தம்பி, பின்பக்கம் யாராவது இருக்கிறார்களா என்று காம்பவுண்டுச் சுவரின் மேல் எட்டிப் பார்த்திருக்கிறான். எதிர்வீட்டு அம்மா விசிலை ஊதிவிட்டாள். இதை அவளே பின்னால் அழுதுகொண்டு என்னிடம் சொன்னாள்.

செயலாளர்தான் முதலில் வந்தார். சங்கம் சொன்ன இரண்டு கேள்வியையும் கேட்டார்.

“இந்த வீட்டு அக்காவப் பாக்கணும்.”

“என்ன விஷயம்?”

“அத அக்காகிட்டத்தான் சொல்லணும்.”

“அவுக வேலைக்குப் போயிருக்காக. என்ன விஷயம்னு எங்ககிட்டச் சொல்லு.”

“எந்த ஆஸ்பத்திரின்னு மட்டும் சொல்லுங்க, நான் போயிக்கிறேன்.”

செயின் பறிகொடுத்த பொம்பளை வேலை பார்க்கிற இடத்தைக் கறுப்பு பைக்கில் வந்தவன் கேட்கிறான். கூட்டத்துக்கு அதுவே போதும். ஆனாலும் எதிர்வீட்டு அம்மா மனம் கேட்காமல் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து நீட்டியிருக்கிறாள். வேர்த்து விறுவிறுத்து நின்றவன், வேண்டாம் என்று இரண்டடி பின்னால் நகர்ந்திருக்கிறான். ஓடப் பார்க்கிறான் என்று யாரோ கத்தினார்கள். முதல் அடி அப்போது விழுந்தது.

கரண்டுக் கம்பத்தில் கட்டினார்கள். பெல்ட், தென்னை மட்டை, கையில் கிடைத்ததெல்லாம் எடுத்தார்கள். வலி பொறுக்காமல் ஒரு கட்டத்தில் முறையை விட்டுவிட்டு, “கேதம்யா, கேதம் சொல்ல வந்தேன்யா” என்று அலறியிருக்கிறான். “அடி விழுகவும் சாவு வந்துருச்சு பாரு” என்று ஒருவன் சொல்ல, கூட்டம் சிரித்ததாம். அந்தச் சிரிப்பை நான் நேரில் கேட்கவில்லை. ஆனால் கேட்ட மாதிரியே இருக்கிறது.

மருத்துவமனைக்குப் போன் வந்தபோது மதியச் சாப்பாட்டு நேரம். செயலாளர் குரலில் சந்தோஷம் தாளவில்லை. “புடிச்சாச்சும்மா. வண்டியோட சிக்கிட்டான். ஸ்டேஷன்ல ஒப்படைச்சிருக்கோம். நீ வந்து அடையாளம் காட்டுனாப் போதும்.”

ஆட்டோவில் போகிற வழியெல்லாம் அவனை என்னென்ன கேட்க வேண்டும் என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். ஸ்டேஷன் படி ஏறும்போதே வலது கால் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். எதற்கு என்று யாரும் என்னைக் கேட்கவில்லை.

உள்ளே ஜட்டியோடு தரையில் குத்துக்காலிட்டு ஒருவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். முதுகு முழுக்க வரி வரியாகத் தோல் உரிந்திருந்தது. “திரும்புடா. பாத்துச் சொல்லும்மா, இவன்தானே?” என்றார் எஸ்.ஐ.

திரும்பியது என் தம்பி. ஒரு கண் மூடிக் கிடந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்க முயன்று, முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டான். அத்தனை அடி வாங்கியும் அழாமல் இருந்தவன் அப்போதுதான் உடைந்தான்.

“அக்கா... பெரியப்பா...”

செருப்பு கையிலிருந்து விழுந்தது. நான் அந்தத் தரையிலேயே உட்கார்ந்து அவன் தலையைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். சாவு வீட்டு அழுகை எப்படியிருக்கும் என்று அந்த ஸ்டேஷனில் இருந்தவர்கள் எல்லாருக்கும் தெரியும்போல. எஸ்.ஐ. தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

ஆனாலும் உடனே விடவில்லை. வண்டிக்கு நம்பர் இல்லை, சொந்தக்காரன் யார், கூட்டம் கொண்டுவந்து ஒப்படைத்தவனைச் சும்மா அனுப்பினால் நாளைக்கு எங்களைத்தானே கேட்பார்கள் என்றார்கள். இன்ஸ்பெக்டர் வந்து சொன்னால்தான் அனுப்ப முடியுமாம். அவர் கலெக்டர் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தார். “எங்கப்பா செத்துக் கெடக்காரு சார், பொழுது சாஞ்சா எடுத்துருவாங்க” என்று நான் எத்தனை தடவை சொன்னேன் என்று தெரியாது. “நீங்க வேணும்னா போங்கம்மா, இவரு இருக்கட்டும்” என்றார் எஸ்.ஐ. அந்த முதுகை அங்கே விட்டுவிட்டு எப்படிப் போவது? சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெயில் ஜன்னல் கம்பியைத் தாண்டி மேசைக்கு வந்து, மேசையிலிருந்து தரைக்கு இறங்கியது. “நீ போக்கா, எனக்கு ஒண்ணுமில்ல” என்று தம்பி சொல்லிக்கொண்டே இருந்தான். நான் போகவில்லை.

இன்ஸ்பெக்டர் வந்து அவனை விட்டதும் வாடகைக் கார் பிடித்து ஓடினோம். சாய்ந்து உட்கார முடியாமல் அவன் முன் சீட்டைப் பிடித்துக் குனிந்தபடியே வந்தான். ஊர் எல்லையில் எதிரே ஆட்கள் வந்தார்கள். எல்லாரும் குளித்து ஈர வேட்டியோடு இருந்தார்கள். டிரைவர் தானாகவே வண்டியை நிறுத்திவிட்டார். என் சித்தப்பா ஜன்னலுக்குள் தலையை விட்டு, “ரொம்ப நேரம் பாத்தோம்த்தா. அதுக்கு மேல தாங்காதுன்னுட்டாங்க” என்றார். பிறகு மகனின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கார்க் கதவைத் திறந்தார். அப்பாவின் முகத்தை நான் பார்க்கவில்லை.

தெருவில் இதைப் பற்றிப் பெரிய வாக்குவாதம் நடந்ததாகக் கேள்விப்பட்டேன். போலீஸ் ஒழுங்காக இருந்திருந்தால் நாம் ஏன் கையை நீட்டப் போகிறோம் என்று ஒரு கட்சி. அந்தப் பையன் முதலிலேயே வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே என்று இன்னொரு கட்சி. தீவனக்கடைக்காரர் எந்தக் கட்சியிலும் சேரவில்லையாம். பிற்பாடு, இரண்டாயிரத்துக்குப் பிறகு, தெரு முனையில் புறக்காவல் நிலையம் வந்தது, விளக்கு வந்தது. வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். செயின் அறுபட்டு விழுந்தவள் நான். தனியாக நடக்கிற பெண்ணுக்குப் பின்னால் வண்டிச் சத்தம் கேட்டால் உடம்பு என்ன பாடுபடும் என்பது எனக்குத் தெரியும். கம்பத்தில் கட்டியவர்கள் மேல் வழக்குப் போட வேண்டும் என்று நான் நின்றேன். “ஒம் வீடு அந்தத் தெருவுலதான இருக்கு, நீ அங்கதான குடியிருக்கணும்” என்று சொல்லித் தம்பி மறுத்துவிட்டான்.

காரியத்துக்கு முந்தின நாள் தெருக்காரர்கள் வேன் பிடித்துத் துக்கம் கேட்க எங்கள் ஊருக்கு வந்தார்கள். பெண்கள் உள்ளே போய் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். வெளியே பந்தலில் பங்காளிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லாருக்கும் தலையும் மீசையும் மழித்திருந்தது, தோளில் துண்டு. செயலாளர் ஒவ்வொருவர் கையையும் தொட்டுக்கொண்டே வந்தார். தம்பியும் கையை நீட்டினான். அதையும் தொட்டார். தொட்டுவிட்டு, அவன் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து அவன் பக்கம் சாய்ந்து, தாழ்ந்த குரலில் கேட்டார். “தம்பி, அன்னைக்குக் கேதம் சொல்ல டவுனுக்கு வந்தாருல்ல ஒருத்தரு, அவரு இருக்காரா? நேர்ல பாத்து ஒரு வார்த்த மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிரலாம்னுதான் வந்தேன். அன்னையிலிருந்து எனக்குத் தூக்கமே இல்ல.”

அவர் பொய் சொல்லவில்லை. கண் கலங்கித்தான் இருந்தது. கம்பத்தில் கட்டி, பார்த்துக்கொண்டே நின்று, ஜீப்பில் ஏற்றிவிட்ட ஆளின் முகத்தை அவர் ஒரு தடவைகூடப் பார்த்திருக்கவில்லை. காபித் தட்டோடு வாசலில் நின்ற எனக்கு உச்சியில் சுர்ரென்று ஏறியது. வாயைத் திறக்கப் போனேன். தம்பி என்னை நிமிர்ந்து பார்த்தான். வேண்டாம் என்று லேசாகத் தலையை அசைத்தான்.

“அவரு தோட்டத்துக்குப் போயிருக்காருங்க. வந்தா சொல்றேன்.”

“மறந்துறாதீங்க தம்பி” என்று சொல்லி, செயலாளர் அவன் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார். துண்டுக்கு அடியில் இன்னும் ஆறாமல் இருந்த முதுகு. அவன் அசையாமல் உட்கார்ந்திருந்தான்.