ரொட்டிக்கடைத் தட்டு

"வணக்கங்க. ஒரு தீப்பெட்டி."

அரங்கநாதன் மளிகைக் கடையின் முன்னால் நின்றுகொண்டு அம்சா இதைச் சொல்லும்போது அவருடைய வலது கை நீண்டிருக்கும். விரித்த உள்ளங்கையில் ஒரு ரூபாய் நாணயம். கல்லாவில் உட்கார்ந்திருக்கும் அரங்கநாதன் அந்தக் கையைப் பார்க்க மாட்டார். அதற்குக் கீழே இருக்கிற மரப்பலகையைத்தான் பார்ப்பார். "பலகைல வை" என்பார். அம்சா வைக்க மாட்டார். கொஞ்ச நேரம் அப்படியே நிற்பார். பிறகு நாணயத்தை முந்தானையில் முடிந்துகொண்டு, முகத்தில் கோபமோ வருத்தமோ இல்லாமல், ரோட்டைத் தாண்டி நடந்துவிடுவார். மறுநாள் காலையில் அதே இடத்தில் அதே வணக்கம், அதே தீப்பெட்டி.

வானூருக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த ஊரின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை கொடுப்பது என் வேலை. திண்டிவனத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். அரங்கநாதன் கடை வாசலில்தான் பஸ் நிற்கும். இறங்கியதும் ஒரு பொட்டலம் பொட்டுக்கடலை வாங்கிக்கொண்டு நடப்பது என் வழக்கம் என்பதால், இந்தக் கூத்தை நான் பார்க்காத நாள் குறைவு. வந்த புதிதில் அந்த அம்மாளுக்கு மூளை கொஞ்சம் பிசகோ என்றுகூட நினைத்தேன்.

பிசகெல்லாம் ஒன்றும் இல்லை. நல்ல கறுப்பு, ஒல்லி, ஐம்பதைத் தொடும் வயது. புடவைக்குக் கீழே கான்வாஸ் ஷூ போட்டிருப்பார். அது ஒன்றுதான் கண்ணை உறுத்தும். பஸ்ஸில் ஏறினால் முதலில் டிரைவருக்கு ஒரு வணக்கம், பிறகு கண்டக்டருக்கு. எங்கள் மாத்திரை ஜன்னலுக்குக் காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு வந்தாலும் முதலில் வணக்கம், அப்புறம்தான் காய்ச்சல். நோயாளிகள் பக்கம் தலையே திருப்பாத எங்கள் டாக்டரம்மாகூட, அம்சா வந்தால் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பதில் வணக்கம் சொல்லப் பழகிவிட்டார்.

"யார்கிட்ட கத்துக்கிட்டீங்க இதை?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பிரான்ஸுல சார்" என்றார், பக்கத்து ஊர்ச் சந்தையைச் சொல்வதுபோல.

அவர் காலனிக்காரர். கணவர் விருத்தாசலம் கட்டட வேலைக்குப் போகிறவர். ஆரோவில் பக்கம் வீடு எடுத்துத் தங்கியிருந்த சிமோன் என்ற பிரெஞ்சுக்கார அம்மாளிடம் அம்சா வெகுகாலம் சமையல் வேலை செய்தார். தொண்ணூற்றேழாம் வருடம் சிமோனுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. ஊருக்குப் போய் உடம்பைத் தேற்றிக்கொள்ள வேண்டும், கூட ஒரு ஆள் வேண்டும், அது அம்சாவாகத்தான் இருக்க வேண்டும் என்று அந்த அம்மாள் பிடிவாதம் பிடித்து, பாஸ்போர்ட், விசா எல்லாம் தானே அலைந்து வாங்கிக் கொடுத்துவிட்டார். அதுவரை திண்டிவனத்தைத் தாண்டி ரயில்கூட ஏறாத அம்சா, ஒரு கோடைகாலம் முழுக்கப் பிரான்ஸில் ஒரு சின்ன ஊரில் இருந்துவிட்டு வந்தார்.

பயணக் கதை கேட்டால் முதலில் விமான நிலையத்தைத்தான் சொல்லுவார். சிமோனுக்குக் களி கிண்டிக் கொடுக்க வேண்டும் என்று பெட்டியில் கேப்பை மாவு கட்டி எடுத்துப் போயிருக்கிறார். அந்த ஊரில் இறங்கியதும் அதிகாரி பையைப் பிரித்து முகர்ந்து பார்த்திருக்கிறார்.

"இன்னா பவுடரு இதுன்னு ஒரே பேஜாரு சார். எனக்கு அவங்க பாஷ தெரியாது, அவங்களுக்குக் கேப்பை தெரியாது. ஒரு கை அள்ளி வாயில போட்டுக் காட்டுனேன். பச்ச மாவு இல்ல, தொண்டையில அடைச்சிக்கிச்சு. அவங்களே தண்ணி குடுத்து, முதுவத் தடவி உட்டு, போம்மான்னு அனுப்பிட்டாங்க."

அடுத்தது வெயில். அங்கே கோடையில் பொழுது சாய்வதே இல்லையாம். "இருட்டட்டும், ஒல வெக்கலாம்னு நானும் குந்திக்கினே இருக்கறேன். சிமோனம்மா என்னையும் அடுப்பையும் மாறி மாறிப் பாக்கறாங்க. பசி பாவம். சோறு கேக்கக் கூச்சம்." துவைத்த புடவையை வேலியில் காயப்போட்டால் தெருவில் போகிறவர்கள் நின்று, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்து பார்ப்பார்களாம். ஒரு கிழவர் அதைப் படகுக்குப் பாய் கட்டவா என்று கேட்டதைச் சிமோன் மொழிபெயர்த்துச் சொல்ல, அம்சா அவரோடு இரண்டு நாள் பேசவில்லையாம்.

சிரிக்கச் சிரிக்கச் சொல்லிக்கொண்டு வருகிறவர் ரொட்டிக்கடைக்கு வந்ததும் குரலைத் தணித்துக்கொள்வார்.

ரொட்டி வாங்கத் தனியாகப் போன முதல் நாள். கடைக்குள் நுழைந்ததும் 'போன்ஜூர்' என்று வணக்கம் சொல்ல வேண்டும் என்று சிமோன் பாடம் நடத்தி அனுப்பியிருந்தார். அம்சா வாசலில் நின்று மெல்லச் சொன்னார். கடைக்காரி சொன்னாள், வாங்க நின்றிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிச் சொன்னார்கள். "நம்ம பின்னால யாராச்சும் பெரிய மனுசங்க வந்துட்டாங்களாட்டம் இருக்குதுன்னு திரும்பிப் பாத்தேன். ஒருத்தரும் இல்ல. எனக்குத்தான் சொல்லிக்கிறாங்க." அந்தச் சந்தோஷத்தோடு ரொட்டியை வாங்கிக்கொண்டு, காசைக் கடைக்காரியிடம் நீட்டினார். அவள் கையை நீட்டவில்லை. சிரித்துக்கொண்டே மேசைமேல் இருந்த ஒரு கண்ணாடித் தட்டை விரலால் காட்டினாள். காசை அதில் போடச் சொன்னாள். மீதிச் சில்லறையையும் அவள் கையில் கொடுக்காமல் தட்டிலேயே வைத்தாள்.

"கடல் தாண்டி, ஏரோப்ளேன் ஏறி இம்மாந்தூரம் வந்தும் இங்கயும் பலகையான்னு இருந்துச்சு."

சிமோன்தான் தன் ஜாதியைச் சொல்லிவிட்டார் என்று அம்சா முடிவு கட்டிவிட்டார். வேறு யாருக்குத் தெரியும்? வீட்டுக்கு வந்தவர் பேச்சை நிறுத்தினார். குழம்பில் உப்புப் போட மனசில்லை. பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டார். காரணம் புரியாமல் தவித்த சிமோன் கெஞ்சிக் கேட்டபோது, "நாங்க காலனின்னு அந்தக் கடைக்காரிகிட்ட நீங்கதான சொன்னீங்க?" என்று வெடித்துவிட்டார். தனக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில் அந்தக் கேள்வியைப் புரிந்துகொள்ளவே சிமோனுக்கு வெகு நேரம் பிடித்தது. புரிந்ததும் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு, மறுநாள் காலையில் அம்சாவோடு ரொட்டிக்கடைக்குக் கிளம்பிவிட்டார். ஓரமாக நின்று பார்க்கச் சொன்னார்.

ஒரு பாதிரியார் வந்தார், தட்டில் காசு போட்டார். கோட்டுப் போட்ட ஒரு பெரிய மனிதர் போட்டார். பள்ளிக்கூடத்துக்குப் போகிற குழந்தை எட்டிப் போட்டது. கடைசியில் சிமோனும் போட்டார். எல்லோருக்கும் மீதி தட்டில்தான் வந்தது.

"எனக்குச் சிரிப்பு சிரிப்பா வந்துச்சு. அப்புறம் அங்கயே நின்னு அழுதுட்டேன். எல்லாருக்கும் தட்டுன்னா அது வெறும் தட்டு சார். அவ்ளோதான்."

சிமோன் விஷயத்தைச் சொல்லக் கேட்ட கடைக்காரி பதறிப்போய், மேசையைச் சுற்றி வந்து அம்சாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாளாம். ஊருக்குத் திரும்பும்போது பழைய தட்டு ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். கனமான கண்ணாடி, அடியில் ஏதோ சாக்லேட்டின் படம் மங்கலாகத் தெரியும்.

ஊர் திரும்பிய அம்சா அந்தத் தட்டை நேரே அரங்கநாதன் கடைக்குக் கொண்டுபோனார். அந்தக் கடையில் ஊர்த்தெருக்காரர்கள் காசைக் கையில் கொடுப்பார்கள். காலனிக்காரர்கள் பலகையில் வைக்க வேண்டும். மீதியை அரங்கநாதன் மேலிருந்து அவர்கள் கையில் போடுவார். அரசாங்கம் என்ன சட்டம் போட்டாலும் கடையில் அவர் சட்டம்தான். "அங்கெல்லாம் எல்லாரும் இதுலதாங்க போடறாங்க. நம்ம கடைக்கும் அழகா இருக்கும்" என்று சொல்லிக் கொடுத்தார். வெளிநாட்டுச் சாமான் என்பதால் அரங்கநாதனுக்கும் பெருமை. துடைத்துப் பலகைமேல் வைத்துக்கொண்டார்.

மறுநாள் அம்சாவின் நாத்தனார் பாஞ்சாலி எண்ணெய் வாங்கப் போனபோது "தட்டுல போடு" என்றார் அரங்கநாதன். அவளுக்குப் பின்னால் வந்த ஊர்த்தெரு ஆளிடம் கையை நீட்டிக் காசை வாங்கிக்கொண்டார். பலகைக்குப் பதில் தட்டு வந்திருந்தது, அவ்வளவுதான். பாஞ்சாலி வந்து சொன்னதும் அம்சா போய்த் தட்டை எடுத்துக்கொண்டார்.

"குடுத்ததைத் திருப்பி வாங்கறியா?" என்றார் அரங்கநாதன்.

"எல்லாருக்கும்னுதாங்க குடுத்தேன்" என்றார் அம்சா.

மறுநாள் தொடங்கியதுதான் தீப்பெட்டி. அதுவரை அரங்கநாதனை 'ஐயா' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர், அன்றிலிருந்து வெறும் 'வணக்கங்க'தான். மற்ற மளிகையெல்லாம் கூட்டு ரோட்டுக் கடையில். விருத்தாசலம்தான் பயந்தார். "பிரான்சு போயி இன்னா கத்துக்கினு வந்த? கைய நீட்டறதா? ஊர்க்காரன் எனக்கு வேல குடுக்கலன்னா இன்னா பண்ணுவ?" என்று கத்தினார். சொன்னபடி நடக்கவும் செய்தது. ஒரு வருடம்போல ஊரில் யாரும் அவரைச் சுவர் வைக்கக் கூப்பிடவில்லை. புதுச்சேரிக்குப் பஸ் ஏறிப் போனார். அம்சா அவரைத் தடுக்கவும் இல்லை, தான் நிறுத்தவும் இல்லை. விருத்தாசலமே பலகையில் காசு வைத்துத் தீப்பெட்டி வாங்கி வருவார், அம்சா அதில் அடுப்புப் பற்றவைப்பார். ஊரே கேலி செய்தது.

அவர் வீட்டுக்குப் போயிருந்த ஒருநாள் எனக்கே பொறுக்காமல், "அந்த ஆளு கிடக்கறாரு. பலகையில வச்சுட்டு ஜோலியைப் பார்க்கக் கூடாதா?" என்று கேட்டுவிட்டேன்.

"நீங்க வெப்பீங்களா சார்?" என்றார். சண்டைக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். உள்ளே போய் அந்தக் கண்ணாடித் தட்டில் வறுத்த மல்லாட்டைக் கடலை கொண்டுவந்து வைத்தார். அவர் வீட்டில் யார் வந்தாலும் அந்தத் தட்டில்தான்.

இரண்டாயிரத்துப் பத்தில் அரங்கநாதனுக்குக் கண்புரை. ஒரு கண்ணில் ஏற்கெனவே பார்வை இல்லை. நான்தான் விழுப்புரத்தில் நடந்த முகாமுக்கு அனுப்பி வைத்தேன். அறுவை முடிந்து, கட்டுப் போட்டு, அதன்மேல் கறுப்புக் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு வந்தவரை வீட்டில் படுக்கச் சொன்னால் கேட்கவில்லை. கல்லாவில் வந்து உட்கார்ந்துவிட்டார். மருமகள் கிருஷ்ணவேணி சாமான் எடுத்துக் கொடுப்பாள்; காசு மட்டும் அவர் வாங்குவார். பலகையைத் துழாவ முடியாதே. அதனால், "யாரா இருந்தாலும் கையில குடுங்க" என்று கையை நீட்டியபடி உட்கார்ந்திருந்தார்.

காலனிக்காரர்கள் வாயைத் திறக்காமல் வந்து, வேண்டியதைக் கிருஷ்ணவேணியிடம் சைகையில் காட்டி, அவர் கையில் காசை வைத்துவிட்டுப் போனார்கள். கிருஷ்ணவேணியும் காட்டிக்கொடுக்கவில்லை. பாஞ்சாலி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு என்னிடம் வந்து, "நானும் வெச்சிட்டேன் சார். அண்ணிகிட்டயும் சொல்லிக்கிறேன், ஒண்ணும் பேசாம வெச்சிட்டு வந்துருன்னு" என்றாள்.

மறுநாள் காலையில் நான் பொட்டுக்கடலைக்கு நின்றிருந்தேன். ரோட்டைத் தாண்டி அம்சா வந்தார். அரங்கநாதன் யாருக்கோ கிருஷ்ணவேணி ஊற்றி வைத்த எண்ணெய் பாட்டிலின் மூடியைத் தடவிப் பார்த்துக் கொடுத்துவிட்டு, கையை நீட்டிக்கொண்டிருந்தார். அம்சாவும் கையை நீட்டினார்; அதில் அந்த ஒரு ரூபாய் இருந்தது. இரண்டு கைக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளிகூட இல்லை. இன்றைக்கு ஒருநாள் இந்த அம்மாள் வாயைத் திறக்காமல் இருக்க வேண்டுமே என்று நான் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன். இத்தனை வருடத் தீப்பெட்டி, கிடைக்கட்டுமே.

அம்சா நேராக நின்றார்.

"வணக்கங்க. காலனி அம்சா வந்திருக்கேன். ஒரு தீப்பெட்டி."

அரங்கநாதன் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். கிருஷ்ணவேணி தீப்பெட்டியைக் கையில் எடுத்துவிட்டு, கொடுப்பதா வேண்டாமா என்று மாமனாரைப் பார்த்தாள். அம்சா போய்விடவில்லை. வழக்கமாக நிற்கிற நேரத்தைத் தாண்டியும் அவர் கை அப்படியே இருந்தது.

அரங்கநாதன் தோளில் கிடந்த துண்டை எடுத்தார். எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய தன் உள்ளங்கையை ஒருமுறை துடைத்தார், புறங்கையையும் துடைத்தார். பிறகு, குரல் வந்த பக்கமாகக் கையை நீட்டினார்.

அம்சா ரூபாயை அதில் வைத்தார். கண் தெரியாத மனிதர் தவறவிட்டுவிடக் கூடாதே என்று, அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகத் தானே மடக்கி மூடினார்.