முத்தையா அண்ணன் போட்ட கையெழுத்து

கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரர்கள் மலாயாவில் அவசரகாலம் அறிவித்திருந்தபோதுதான் கோலசிலாங்கூரில் எங்களுக்கு முதல் ஊராட்சித் தேர்தல் வந்தது. நானும் நின்றேன். வேட்புமனுவில் என்னை முன்மொழிந்து ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். முத்தையா அண்ணனைத் தேடிப் போனேன். ரப்பர் தோட்டத்தில் தொழிற்சங்கம் நடத்தியவர். சங்கத்தைத் தடைசெய்து ஆட்களைப் பிடிக்கத் தொடங்கியதும், டவுனுக்கு வந்து ஒரு சலவைக்கடையில் ஒதுங்கியிருந்தார். அவர் பெயரைப் பார்த்தால் தோட்டத்து ஓட்டெல்லாம் எனக்குத்தான் என்று நினைத்தேன்.

“என் பேரு வெளிய தெரிய வேணாம் தம்பி. நான் இங்க இருக்கிறது போலீசுக்குத் தெரியாதுலா.”

“இத்தனை வருசம் ஆச்சேண்ணே, இன்னுமா பயம்?” என்று கேட்டுவிட்டேன்.

அந்த வார்த்தை அவரைச் சுட்டிருக்க வேண்டும். இஸ்திரிப் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு, பேனாவை வாங்கினார்.

மனுவை அலுவலக வாசலில் ஒட்டினார்கள். என் பெயருக்குக் கீழே அவர் பெயர். மூன்றாம் நாள் அவரைப் பிடித்துப்போனார்கள். சில வாரம் லாக்கப்பில் வைத்திருந்து, இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிட்டார்கள்.

தேர்தலன்று வரிசையில் முதல் ஆளாக அண்ணி நின்றிருந்தார். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று எனக்குத் தெரியவில்லை. அவரே பேசினார்.

“ஒனக்குத்தான் போடணும்னு சொல்லிட்டுப் போனாரு தம்பி.”

நான் ஜெயித்தேன். மாலை போட்டார்கள்.

அண்ணன் லாக்கப்பில் இருந்த அத்தனை நாளும் நான் அந்தப் பக்கமே போகவில்லை. ஓட்டுக் கேட்கிற வேலை என்று எல்லாரிடமும் சொன்னேன். வேலையெல்லாம் இல்லை. பயம்.