வால் நட்சத்திரமும் ஃபோகஸ் லைட்டும்

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். தேயிலை மூட்டை சுமந்தே சொந்தத் தோட்டம் வாங்கி, மேட்டில் மாடி வீடும் கட்டினேன். மஞ்சூர்ப் பக்கம் எங்கள் சரிவில் முதல் ஃபோகஸ் லைட் என் வாசலில்தான் எரிந்தது. காட்டெருமைகூட அதைக் கண்டால் ஒதுங்கும். பஜாரில் இதை நான் சொல்லாத ஆள் கிடையாது.

இரண்டு கோடைக்கு முன்னால், பள்ளிக்கூட டீச்சரான என் மருமகள் ஒரு வால் நட்சத்திரத்துக்காகக் காத்திருந்தாள். எழுபது வருடத்துக்கு ஒருமுறைதான் வருமாம். பொழுது சாய்ந்ததும் மேற்கே மலைக்கு மேல் கொஞ்ச நேரம் தெரியும். தினமும் மேகம் கெடுத்தது. ஒருநாள் வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது.

"இன்னிக்கு மட்டும் அந்த லைட்டப் போட வேண்டாமுங்க மாமா" என்றாள். வந்த நாள் முதல் அவள் என்னிடம் எதுவும் கேட்டதில்லை.

சரி என்றேன். ஆனால் சும்மா இருக்க முடியவில்லை. என் வீட்டில் வால் நட்சத்திரம் காட்டுகிறேன் என்று பஜார் நண்பர்களைப் போனில் கூப்பிட்டுவிட்டேன்.

வந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். ஒன்றும் தெரியவில்லை.

"ஏனுங்க, உங்க நட்சத்திரம் இன்னிக்கு லீவுங்களா?" என்றார் உருளைக்கிழங்கு வியாபாரி. "எனக்கு உங்கூட்டு நாய் வால்தான் தெரியுது." எல்லோரும் சிரித்தார்கள்.

"கண்ணுக்கு மங்கலாத்தானுங்க தெரியும்" என்றாள் மருமகள், முக்காலியில் நிறுத்தியிருந்த தன் கேமராவை விட்டு நகராமல். "இதுல படம் மெதுவா ஏறிட்டிருக்கு. கொஞ்சம் பொறுங்க, வால் நல்லா விழும்."

எனக்கு மானம் போவதுபோல் இருந்தது. "புள்ளைக சமாச்சாரம், விடுங்க. வெளிச்சம்னா இதுதானுங்க!" என்று சுவிட்சைத் தட்டினேன்.

வாசல் பகலானது. கேமராவில் வெறும் வெள்ளைதான் விழுந்திருந்தது. பதறி அணைப்பதற்குள் பள்ளத்திலிருந்து ஏறிய மூடுபனி மேற்கு மலையை மறைத்துவிட்டது.

"பரவாயில்லீங்க மாமா" என்று சொல்லிவிட்டு எல்லோருக்கும் டீ போட உள்ளே போனாள்.

"மருமகளுக்குக் கோவமே வராதுங்களா?" என்றார் வியாபாரி.

"நான் பாத்து எடுத்த பொண்ணாச்சே!" என்றேன். அந்த நேரத்திலும் பெருமை. நினைத்தால் இன்றும் முகம் சுடுகிறது.

அடுத்து வந்த நாட்களெல்லாம் ஒரே மேகம். "இன்னிக்குத் தெரியுமா, கண்ணு?" என்று தினமும் கேட்டேன். கடைசியில் ஒருநாள், பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தவள் தலை நிமிராமல் சொன்னாள்: "கீழ எறங்கிப் போயிருச்சுங்க மாமா. இனி இங்கிருந்து தெரியாது."

என்னால்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். பஜாரையே பேசி மடக்கும் வாய், திறக்கவில்லை. கதவருகிலேயே நின்றேன்.

"பனி கொட்டுது, உள்ள வாங்க மாமா" என்றாள்.